பவர்பாயின்ட் பாடம்: மாணவர் பார்ப்பதற்கா, செய்வதற்கா?

புரொஜெக்டர் மாட்டியாயிற்று, ஆசிரியர்களும் பவர்பாயின்டில் பாடம் தயாரிக்கிறார்கள். இதனால் மாணவருக்கு உண்மையில் பயன் உண்டா என்று கேட்டால் மட்டும் எதிரெதிரான இரண்டு பதில்கள் வருகின்றன. 'படத்தோடு பார்த்தால் சட்டென்று புரிகிறது' என்கிறார்கள் சிலர். 'ஸ்லைடு ஓடுகிறது, பிள்ளைகள் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள், மறுநாள் கேட்டால் ஒன்றும் நினைவில் இல்லை' என்கிறார்கள் வேறு சிலர்.

இரண்டுமே நடக்கிற விஷயம்தான். ஒரே மென்பொருளை இரண்டு விதமாகப் பயன்படுத்தும்போது இரண்டு விளைவுகள் வருகின்றன. அந்த வேறுபாடு எங்கே தொடங்குகிறது, மென்பொருளின் எந்த வசதிகள் கற்றலுக்கு உதவும், எவை வெறும் அலங்காரம் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம். பவர்பாயின்டைப் பெயர் சொல்லிப் பேசினாலும், பெரும்பாலானவை கூகுள் ஸ்லைட்ஸ், லிப்ரெஆபிஸ் இம்ப்ரெஸ், ஆப்பிள் கீநோட் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

## இது யாருக்காக எழுதப்பட்ட மென்பொருள்?

'ஸ்லைடு' என்ற சொல் கணினிக்கு முந்தியது. 35 மில்லிமீட்டர் ஃபிலிம் துண்டைச் சிறு சட்டத்தில் பொருத்தி, ஒளி பாய்ச்சிச் சுவரில் பெரிதாகக் காட்டுவார்கள். அந்தத் துண்டின் பெயர்தான் ஸ்லைடு. அதோடு, ஒளி ஊடுருவும் தாளில் எழுதிக் காட்டும் ஓவர்ஹெட் புரொஜெக்டரும் அலுவலகக் கூட்டங்களில் புழக்கத்தில் இருந்தது.

அந்தத் தாள்களைக் கணினியிலேயே வடிவமைக்கலாமே என்று 1980களில் ஃபோர்தாட் என்ற சிறு நிறுவனத்தில் ராபர்ட் காஸ்கின்ஸும் டென்னிஸ் ஆஸ்டினும் உருவாக்கியதுதான் பவர்பாயின்ட். முதலில் வைத்த பெயர் 'பிரசென்டர்'. 1987 ஏப்ரலில் மெக்கின்டாஷ் கணினிக்கு வெளிவந்தது. அதே ஆண்டில் மைக்ரோசாஃப்ட் 1.4 கோடி டாலர் கொடுத்து நிறுவனத்தையே வாங்கியது. விண்டோஸ் பதிப்பு 1990இல் வந்தது.

இந்தப் பிறப்புக் கதை இங்கே ஏன் தேவை? மென்பொருளின் அமைப்பிலேயே ஓர் இருக்கை வரிசை இருக்கிறது: ஒருவர் நின்று பேசுவார், மற்றவர்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள். புதிய கோப்பைத் திறந்ததும் மேலே தலைப்புக்கு ஒரு பெட்டி, கீழே புள்ளி வைத்த வரிகளுக்கு ஒரு பெட்டி. விற்பனைக் கூட்டத்துக்கு அது போதும். அதே வார்ப்பில் பாடத்தை ஊற்றினால் பாடமும் கூட்டம் மாதிரியே ஆகிவிடுகிறது.

புள்ளி வரிசைக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்கலம் சிதைந்து ஏழு விண்வெளி வீரர்கள் உயிரிழந்தார்கள். அதற்கு முன், விண்கலத்தின் இறக்கையில் நுரைத்துண்டு மோதியதைப் பற்றிப் பொறியாளர்கள் ஒரு பவர்பாயின்ட் ஸ்லைடில் விளக்கியிருந்தார்கள். விசாரணைக் குழு அந்த ஸ்லைடை எடுத்துக்காட்டி விமர்சித்தது. உயிருக்கே ஆபத்தான செய்தி, புள்ளிக்குள் புள்ளியாகக் கீழ் அடுக்குகளில் புதைந்து கிடந்தது. அனுபவம் வாய்ந்த மேலாளர்களுக்கே எது முக்கியம் என்று தெரியாமல் போகக்கூடும் என்றால், பாடத்தை முதல்முறையாகப் பார்க்கும் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

## ஸ்லைடைப் பார்க்கும்போது மனதில் என்ன நடக்கிறது?

கற்றல் பற்றிய ஆய்வுகளிலிருந்து இங்கே மூன்று விஷயங்கள் தேவை.

1. மனதின் பணிமேசை சிறியது. அந்தந்த நேரத்தில் நாம் கையாளும் செய்திகளைத் தாங்கும் இடத்துக்கு 'செயல்நினைவு' என்று பெயர். புதிய செய்தி என்றால் அதில் ஒரே சமயத்தில் சுமார் நான்கு கூறுகளைத்தான் வைத்துக்கொள்ள முடிகிறது. மேசையில் தேவையில்லாத பொருள் ஏறினால் தேவையானது கீழே விழும். 1980களில் ஆஸ்திரேலிய உளவியலாளர் ஜான் ஸ்வெல்லர் முன்வைத்த 'அறிதிறன் சுமை' கோட்பாட்டின் அடிப்படை இதுதான். ஸ்லைடின் மூலையில் ஆடிக்கொண்டே இருக்கும் பொம்மை பாடத்தின் இடத்தைத்தான் பிடித்துக்கொள்கிறது.

2. படமும் பேச்சும் சேரும். எழுத்தும் பேச்சும் மோதும். அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் படமும் சொல்லும் சேர்ந்த பாடங்களைப் பல பத்தாண்டுகள் சோதித்துப் பார்த்தவர். படத்தைக் காட்டி வாயால் விளக்குவது நன்றாகவே வேலை செய்கிறது. அந்த விளக்கத்தையே எழுத்தாகவும் திரையில் போட்டுவிட்டு வாசித்தால், பல நேரங்களில் கற்றல் குறைகிறது. காரணம் எளிது. படிக்கும்போது மனதுக்குள் ஒரு குரல் ஓடுகிறது, வெளியே ஆசிரியரின் குரல் வேறு வேகத்தில் ஓடுகிறது. இரண்டையும் ஒத்துப்பார்ப்பதிலேயே கவனம் செலவாகிவிடுகிறது. இதற்கு விலக்கு உண்டு: காது கேட்பதில் சிரமம் உள்ளவர்கள், இரண்டாம் மொழியில் பயில்பவர்கள், புதிய கலைச்சொல்லை முதல்முறை சந்திப்பவர்கள். இவர்களுக்கு எழுத்து கட்டாயம் வேண்டும்.

3. நினைவிலிருந்து எடுத்தால்தான் நினைவில் நிற்கும். 2006இல் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் இருவரும் வெளியிட்ட ஆய்வு இதில் புகழ்பெற்றது. ஒரு குழுவினர் உரைப்பகுதி ஒன்றை நான்கு வேளை படித்தார்கள். இன்னொரு குழுவினர் ஒரு வேளை படித்து, மூன்று வேளை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்தவர்களே முன்னணியில் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: எழுதிப் பார்த்தவர்களுக்குச் சுமார் 61 சதவீதம் நினைவில் இருந்தது, படித்துக்கொண்டே இருந்தவர்களுக்குச் சுமார் 40 சதவீதம்.

ஸ்லைடு பாடத்தின் பெரிய மாயை இந்த மூன்றாவது விஷயத்தில் இருக்கிறது. தெளிவான ஸ்லைடைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது எல்லாம் புரிந்தது போலவே தோன்றும். ஆசிரியருக்கும் அப்படித்தான் தோன்றும். புரிந்ததா என்று கேட்டால் வகுப்பே தலையாட்டும். ஆனால் எதையும் நினைவிலிருந்து எடுக்கும் வேலையை அங்கே யாரும் செய்யவில்லை.

ஆகவே ஒவ்வொரு ஸ்லைடையும் ஒரு கேள்வி கேட்டுச் சோதித்துப் பார்க்கலாம்: இது திரையில் இருக்கும் நேரத்தில் மாணவர் என்ன முடிவு எடுக்கிறார்? ஊகிக்கிறாரா, தேர்ந்தெடுக்கிறாரா, வரிசைப்படுத்துகிறாரா, வரைகிறாரா? 'பார்க்கிறார்' என்பது மட்டும்தான் பதில் என்றால், அந்த ஸ்லைடு இன்னும் முடியவில்லை என்று பொருள்.

## நிறுத்தும் ஸ்லைடு

மிக எளிதில் தொடங்கக்கூடியது இது. தனித் திறமை எதுவும் வேண்டாம்.

ஸ்லைடு ஷோ ஓடும்போது விசைப்பலகையில் 'பி' என்ற ஆங்கில எழுத்தை அழுத்தினால் பவர்பாயின்டில் திரை கறுப்பாகும். மறுபடி அழுத்தினால் ஸ்லைடு திரும்ப வரும். ஒரு படத்தை 30 விநாடி காட்டிவிட்டுத் திரையைக் கறுப்பாக்கி, 'பார்த்ததை நோட்டில் வரையுங்கள்' என்று சொல்லலாம். வரைந்த பிறகு மறுபடி படத்தைக் காட்டினால், விடுபட்டது எது என்று மாணவரே தேடுவார். இதயத்தின் அறைகள், நிலவரைபடம், மின்சுற்று என்று எதற்கும் இது பொருந்தும். பாடம் முழுவதும் தயாரித்த 40 ஸ்லைடுகளைவிட இந்த ஒரு விசை கூடுதலாகக் கற்றுத்தரும் நாள்கள் உண்டு.

அப்புறம் வாக்கெடுப்பு ஸ்லைடு. ஒரு கேள்வி, நான்கு விடைகள். மாணவர்கள் ஒரே நேரத்தில் விரல் காட்டி விடை சொல்வார்கள். ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த எரிக் மஸூர் 1990களில் இதை முறையாக வளர்த்தெடுத்தார். சரியான விடை சொன்னவர்கள் மிகக் குறைவு என்றால் பாடத்தை மறுபடி நடத்த வேண்டும். கிட்டத்தட்ட எல்லோரும் சரி என்றால் தாண்டிப் போகலாம். சுமார் 30 முதல் 70 சதவீதம் பேர் சரி என்றால், விடையைச் சொல்லாமல் பக்கத்தில் இருப்பவரோடு வாதாடவிட்டு, மறுபடி வாக்கெடுக்க வேண்டும். விடை ஸ்லைடு அடுத்ததாகத் தயாராக இருக்கும்போது அதைக் காட்டாமல் காத்திருப்பதுதான் இதில் கடினமான பகுதி.

## இணைப்பு வைத்தால் ஸ்லைடு வரிசை கிளைவிடும்

1, 2, 3 என்று வரிசையாகத்தான் போக வேண்டும் என்று மென்பொருள் எங்கும் சொல்லவில்லை. எந்தப் படத்தையும் எழுத்தையும் பொத்தானாக்கி, அதே கோப்பின் வேறொரு ஸ்லைடுக்கு இணைப்பு கொடுக்கலாம். இதைக் கொண்டு, மாணவரின் விடைக்கு ஏற்பப் பாதை மாறும் பாடத்தை நிரல் எழுதாமலே கட்டலாம்.

பின்னக் கூட்டலை எடுத்துக்கொள்வோம். கேள்வி: 1/2 + 1/3 எவ்வளவு? விடைகள்: 5/6, 2/5, 2/6. தவறான விடைகளை மனம்போன போக்கில் எழுதவில்லை. ஒவ்வொன்றும் மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் ஒரு தவறு.

- 2/5 என்பவர் மேலே உள்ளவற்றைத் தனியாகவும் கீழே உள்ளவற்றைத் தனியாகவும் கூட்டியிருக்கிறார். அவர் போய்ச் சேரும் ஸ்லைடில் இரண்டு பட்டைகள்: ஒன்று 1/2, அதன் கீழே 2/5. கீழ்ப்பட்டை சிறியதாக இருக்கிறது. 'அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அரையைவிடக் குறையுமா?' என்ற கேள்வி மட்டும் அங்கே இருக்கும். கேள்விக்குத் திரும்ப ஒரு பொத்தான்.
- 2/6 என்பவர் கீழே உள்ளவற்றைப் பெருக்கிவிட்டு மேலே வெறுமனே கூட்டியிருக்கிறார். அவருக்கான ஸ்லைடு: '2/6 என்பதைச் சுருக்கினால் 1/3. அப்படியானால் நீங்கள் சேர்த்த அரை எங்கே போயிற்று?'
- 5/6 என்பவர் அடுத்த கேள்விக்குப் போகிறார்.

'தவறு, மறுபடி முயற்சி செய்க' என்று சிவப்பு எழுத்தில் சொல்வதற்கும் இதற்கும் உள்ள தூரம் பெரியது. ஒவ்வொரு தவறுக்குப் பின்னாலும் ஒரு சிந்தனை இருக்கிறது. அந்தச் சிந்தனையோடு பேசும் ஸ்லைடை, பிள்ளைகளின் விடைத்தாள்களை உற்றுப் பார்த்த ஆசிரியரால் மட்டுமே எழுத முடியும். இந்த மென்பொருளில் செய்யக்கூடியவற்றில் மிகவும் மதிப்புள்ளது இதுதான் என்பேன்.

இரண்டு தொழில்நுட்பக் குறிப்புகள். ஒன்று, பொத்தானுக்கு வெளியே எங்காவது கிளிக் செய்தால் பவர்பாயின்ட் தானாக அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடும், பாதை குழம்பும். ஸ்லைடு ஷோ அமைப்பில் 'கியாஸ்க்' முறையைத் தேர்ந்தெடுத்தால் இணைப்புகள் மட்டுமே வேலை செய்யும். இரண்டு, கிளைகளைக் கணக்குப் பார்த்தே வளர்க்க வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் இரண்டு வழிகள் பிரிந்துகொண்டே போனால், மூன்று திருப்பங்களுக்கு 15 ஸ்லைடுகள், ஐந்து திருப்பங்களுக்கு 63. மேலே சொன்னதுபோல் தவறான விடை ஒரு விளக்கத்தைத் தொட்டுவிட்டுக் கேள்விக்கே திரும்பினால், ஐந்து கேள்விகளுக்கு 15 ஸ்லைடுகளும் முடிவுக்கு ஒன்றும் போதும்.

வரலாறு, சூழலியல் பாடங்களில் இதே முறையில் 'நீங்கள் இந்த இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்?' என்ற கதைகளையும் எழுதலாம். அவற்றை ஆசிரியர் எழுதுவதைவிட மாணவர் குழுக்கள் எழுதுவது நல்லது. எந்தத் தவறான வழி நம்பும்படியாக இருக்கும் என்று யோசிப்பதற்கே பாடம் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.

## தோன்றல், திரிதல், கெடுதல்: அனிமேஷனுக்கு ஓர் இலக்கணப் பாடம்

அனிமேஷன் என்றாலே எழுத்துகள் சுழன்று வந்து விழுவதுதான் பலருக்கு நினைவுக்கு வரும். அந்த வகையை ஒதுக்கிவிடலாம். பாடத்திலேயே ஒரு மாற்றம் இருந்து, அந்த மாற்றத்தைக் காட்ட அசைவு தேவைப்படும் இடத்தில்தான் அனிமேஷன் அர்த்தம் பெறுகிறது.

தமிழ்ப் புணர்ச்சி இதற்கு அச்சில் வார்த்ததுபோல் பொருந்துகிறது. இரண்டு சொற்கள் சேரும்போது ஏற்படும் விகாரங்கள் மூன்று: தோன்றல், திரிதல், கெடுதல். அனிமேஷன் பட்டியலைத் திறந்து பார்த்தால், ஒரு பொருளைத் திரைக்குள் கொண்டுவரும் வகை, இருப்பதை மாற்றிக்காட்டும் வகை, திரையைவிட்டு நீக்கும் வகை என்று அங்கும் இதே மூன்று இருக்கின்றன.

வாழை, பழம் இரண்டும் தனித்தனிப் பெட்டிகளில் இருக்கின்றன. கிளிக் செய்தால் நடுவில் 'ப்' தோன்றுகிறது: வாழைப்பழம். அடுத்து, கல், சிலை. இங்கே 'ல்' மட்டும் தனிப்பெட்டியில் இருக்க வேண்டும். அது மங்கி, அதே இடத்தில் 'ற்' வருகிறது: கற்சிலை. அடுத்து, மரம், வேர். 'ம்' நீங்குகிறது, இரண்டு பகுதிகளும் நெருங்கி வருகின்றன: மரவேர்.

இதை ஆசிரியர் செய்துகாட்டினால் ஒரு நல்ல ஸ்லைடு கிடைக்கும். மாணவர் செய்தால் ஒரு நல்ல பாடம் கிடைக்கும். ஏனென்றால் செய்பவர் ஒவ்வொரு சொல்லையும் எங்கே வெட்டுவது என்று முதலில் முடிவு செய்தாக வேண்டும். 'மரம்' என்பதை ஒரே பெட்டியில் எழுதிவிட்டால் 'ம்' தனியாக நீங்காது. எந்த எழுத்து மாறுகிறது என்று தெரியாமல் அனிமேஷனே போட முடியாது; மென்பொருளே கேள்வி கேட்கும் ஆசிரியராகிவிடுகிறது.

பிறகு 'மரம் + கிளை' கொடுத்துப் பார்க்கலாம். மரக்கிளை. இங்கே எத்தனை அனிமேஷன் வேண்டும்? 'ம்' கெட வேண்டும், அதன்பின் 'க்' தோன்ற வேண்டும், அதுவும் அந்த வரிசையில். அனிமேஷன் பட்டியலில் இரண்டு வரிகள் வரும். விதியைப் பத்து முறை ஒப்பிப்பதைவிட அந்த இரண்டு வரிகளைச் சரியான வரிசையில் வைப்பது மனதில் ஆழமாகப் பதியும். 'தமிழ் + அன்னை' இன்னும் சுவையானது. 'ழ்' ஒரு பெட்டி, 'அ' ஒரு பெட்டி. இரண்டும் நகர்ந்து ஒன்றன்மேல் ஒன்று சேரும் இடத்தில் 'ழ' பிறக்கிறது. இங்கே மூன்று விகாரங்களில் எதுவுமே இல்லையே என்று வகுப்பில் ஒருவராவது கேட்பார். இயல்புப் புணர்ச்சிக்குள் நுழைய அதைவிட நல்ல வாசல் கிடைக்காது.

வேதிச் சமன்பாட்டைச் சமப்படுத்துவது, இயற்கணிதத்தில் ஓர் உறுப்பைச் சமக்குறியின் மறுபக்கம் கொண்டுபோவது, வாக்கியத்தைச் செய்வினையிலிருந்து செயப்பாட்டுவினைக்கு மாற்றுவது: மாற்றத்தைப் படிப்படியாகக் காட்ட வேண்டிய எல்லாப் பாடங்களுக்கும் இதே அணுகுமுறை உதவும்.

## நகர்த்தும் ஸ்லைடு

ஷோ ஓடும்போது திரையில் உள்ள பொருள்களை இழுத்து நகர்த்த முடியாது. இதனாலேயே பலர் முயற்சியைக் கைவிடுகிறார்கள். தீர்வு எளிது: ஷோவை ஓட்டவே வேண்டாம். கோப்பைத் திருத்தும் நிலையிலேயே மாணவரிடம் கொடுத்துவிடலாம்.

நகரக் கூடாத பின்னணியை, அதாவது அட்டவணை, காலக்கோடு, வெற்று நிலவரைபடம் போன்றவற்றை 'ஸ்லைடு மாஸ்டர்' என்ற அடித்தளத்தில் வைத்துவிட்டால் மாணவரின் கை பட்டு அது கலையாது. மேலே உள்ள சொற்சீட்டுகளும் படங்களும் மட்டும் நகரும். உயர்திணை, அஃறிணை என்று பிரிப்பது, நிகழ்வுகளைக் காலவரிசையில் அடுக்குவது, உணவுச் சங்கிலியை அமைப்பது எல்லாம் ஒரே ஸ்லைடில் முடியும். எந்தக் கட்டத்திலும் சேராத ஒன்றிரண்டு சீட்டுகளை வேண்டுமென்றே கலந்துவிட்டால் பேச்சு சூடுபிடிக்கும்.

கூகுள் ஸ்லைட்ஸில் ஒரே கோப்பை வகுப்பு முழுவதும் பகிரலாம். ஆளுக்கு ஒரு ஸ்லைடு. ஆசிரியர் எல்லோருடைய வேலையையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். யாராவது தவறுதலாக அடுத்தவருடையதை அழித்துவிட்டால் பழைய பதிப்புக்குத் திரும்பவும் வழி இருக்கிறது.

## நிலவை மாணவர் நகர்த்தும்போது

ஒரு ஸ்லைடைப் பிரதி எடுப்பது, பொருளைக் கொஞ்சம் நகர்த்துவது, மறுபடி பிரதி எடுப்பது. இப்படி 30 ஸ்லைடுகள் செய்து, ஒவ்வொன்றும் 0.2 விநாடியில் தானாக மாறும்படி வைத்தால் ஆறு விநாடி அசைபடம் கிடைக்கும். இதைச் செய்யச் சரியான பாடம் நிலவின் வளர்பிறை, தேய்பிறை.

பூமியின் நிழல் விழுவதால்தான் நிலவு தேய்கிறது என்று நினைப்பவர்கள் பெரியவர்களிலும் நிறையப் பேர். சரியான படத்தைக் காட்டினாலும் அந்த எண்ணம் சட்டென்று மாறுவதில்லை. மாணவரையே படம் செய்யச் சொன்னால் நிலைமை வேறு. ஸ்லைடின் இடப்பக்கம் மேலிருந்து பார்க்கும் காட்சி: ஓரத்தில் சூரியன், நடுவில் பூமி, சுற்றிலும் நிலவின் பாதை. வலப்பக்கம் பூமியிலிருந்து தெரியும் நிலவு. முதலில் எட்டு நிலைகள் மட்டும் போதும். ஒரு சுற்றுக்குச் சுமார் 29.5 நாள் என்பதால் ஒரு நிலைக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 3.7 நாள்.

இடப்பக்கத்தில் நிலவின் எந்தப் பாதி ஒளிபெறும்? எட்டு இடங்களிலும் சூரியனைப் பார்க்கும் பாதிதான். பூமியின் நிழல் எந்தப் பக்கம் விழும்? சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கம். அரைநிலவு தெரியும் நாளில் நிலவு சூரியனின் திசையிலிருந்து 90 பாகையில் நிற்கிறது. நிழல் அந்தப் பக்கமே வராது. தான் நம்பிக்கொண்டிருந்ததும் தன் கையால் வைத்த படமும் பொருந்தவில்லை என்பதை அந்த இடத்தில் மாணவர் தானே கண்டுபிடிக்கிறார். பிறகு, நிழல் நிலவின் மேல் விழுந்தால் அதற்கு என்ன பெயர் என்று கேட்டால், சந்திர கிரகணத்துக்குத் தனிப் பாடமே தேவைப்படாது.

செல் பிரிதல், விதை முளைத்தல், எரிமலை வெடித்தல் போன்றவையும் இப்படிச் செய்யத் தக்கவை. படம் அழகாக இருக்க வேண்டியதில்லை. வட்டங்களும் கோடுகளும் போதும். அழகுக்கு நேரம் செலவிட ஆரம்பித்தால் அறிவியல் பின்னால் போய்விடும்.

## மாணவர் மேடையேறும்போது

'ஒரு தலைப்பில் பத்து ஸ்லைடு செய்து வாருங்கள்' என்ற வீட்டுப்பாடம் பெரும்பாலும் ஒட்டுவேலையில் முடிகிறது. இணையத்திலிருந்து பத்தி பத்தியாக எடுத்து ஒட்டி, வகுப்பில் அதையே வாசிப்பார்கள். இதற்கு மாணவரைக் குறை சொல்வது நியாயமில்லை; கேட்ட விதம் அப்படி. இப்போது தலைப்பைக் கொடுத்தால் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளே பத்து ஸ்லைடுகளைத் தயாரித்துவிடுகின்றன என்பதால் அந்த வீட்டுப்பாடத்துக்கு மிச்சமிருந்த பயனும் போயிற்று.

கேட்கும் விதத்தை மாற்றச் சில வழிகள்:

1. தலைப்பு முழு வாக்கியமாக இருக்க வேண்டும். பொறியியல் மாணவர்களுக்கு எழுத்துத் திறன் கற்பிக்கும் மைக்கேல் ஆலி பரப்பிய முறை இது: மேலே ஒரு கூற்று, கீழே அதற்கு ஆதாரமான படமோ எண்ணோ. 'ஒளிச்சேர்க்கை' என்பது வெறும் பெயர். 'செடியின் உலர் எடையில் பெரும்பகுதி காற்றிலிருந்து வருகிறது' என்பது கூற்று. அதை நிரூபிக்க வேண்டும். ஆதாரம் தேடும் மாணவர், 17ஆம் நூற்றாண்டில் வான் ஹெல்மான்ட் செய்த சோதனைக்குப் போய்ச் சேரலாம். ஐந்து ஆண்டுகளில் அவருடைய வில்லோ மரம் 70 கிலோவுக்கு மேல் எடை கூடியது. தொட்டி மண் குறைந்ததோ 60 கிராம்கூட இல்லை. எல்லாம் தண்ணீரிலிருந்து வந்தது என்று அவர் முடிவு கட்டினார். அவர் எதைக் கணக்கில் எடுக்கவில்லை என்பதை விளக்குவதே மாணவரின் அடுத்த ஸ்லைடு.

2. நேரத்துக்கு எல்லை வேண்டும். 2003இல் டோக்கியோவில் கட்டடக் கலைஞர்கள் அஸ்ட்ரிட் கிளைனும் மார்க் டைத்தமும் தொடங்கிய 'பெச்சா குச்சா' முறையில் 20 படங்கள், ஒவ்வொன்றுக்கும் 20 விநாடி, படங்கள் தானாக நகரும். மொத்தம் 6 நிமிடம் 40 விநாடி. வகுப்புக்கு ஐந்து படங்கள், 100 விநாடி என்று சுருக்கிக்கொள்ளலாம். எழுத்தை வாசிக்க நேரமே இருக்காது என்பதால் மாணவர் பேசத்தான் வேண்டும். திக்கிப் பேசும் பிள்ளைகளுக்கு மட்டும் இந்தக் கடிகாரம் வேண்டாம். அவர்கள் தாங்களே ஸ்லைடை நகர்த்தட்டும்.

3. ஒரே ஸ்லைடு. பக்க அளவை ஏ4 ஆக மாற்றி, முழுப் பாடத்தையும் ஒரே பக்கச் சுவரொட்டியாக்கச் சொல்லலாம். எதை விடுவது என்று முடிவு செய்வதில்தான் புரிதல் தெரியும்.

4. பிழை தேடுதல். செயற்கை நுண்ணறிவுக் கருவி தயாரித்த ஸ்லைடுகளை மாணவரிடம் கொடுத்து, தவறான செய்தி, ஆதாரமில்லாத கூற்று, பொருந்தாத படம் ஆகியவற்றைக் கண்டுபிடித்துக் குறிப்பெழுதச் சொல்லலாம்.

மதிப்பெண்ணில் பெரும்பங்கு வடிவமைப்புக்குப் போகக் கூடாது. பேசி முடித்த பின் வரும் கேள்விகளுக்கு மாணவர் சொல்லும் பதில்களுக்குப் போக வேண்டும்.

## கணினி ஒன்றுதான் இருக்கிறது என்றால்

இவற்றில் பெரும்பாலானவற்றைத் தாளிலேயே தொடங்கலாம். ஒரு தாளை எட்டாக மடித்தால் எட்டு ஸ்லைடுகள். கிளைக்கதையை முதலில் சீட்டுகளில் எழுதித் தரையில் பரப்பி, அம்புக்குறி போட்டுப் பார்ப்பது கணினி இருக்கும் வகுப்புக்குமே நல்லது. குழுவுக்குப் பத்து நிமிடம் என்று முறைவைத்து, தாளில் முடிவானதை மட்டும் கணினியில் ஏற்றலாம். நகர்த்தும் ஸ்லைடை ஒருவர் இயக்க, மற்றவர்கள் காரணம் சொல்லி வழிநடத்தலாம். சுட்டியைப் பிடித்திருப்பவர் தானாக எதையும் செய்யக் கூடாது என்பதே அங்கே விதி.

## தமிழில் செய்யும்போது வரும் சிக்கல்கள்

1. எழுத்துரு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த ஸ்லைடு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறையான யுனிகோடில் தட்டச்சு செய்தால் இந்தத் தொல்லை இல்லை. நிர்மலா, லதா, நோட்டோ சான்ஸ் தமிழ் போன்றவை யுனிகோடு எழுத்துருக்கள்.

2. அளவு. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. எழுத்துகளின் சுழிகளும் கொம்புகளும் தூரத்தில் கலங்கித் தெரியும். ஒரு ஸ்லைடில் வரிகளைக் குறைத்து எழுத்தைப் பெரிதாக்குவது நல்லது. கடைசி வரிசையில் நின்று ஒருமுறை படித்துப் பார்த்துவிட வேண்டும்.

3. நிறம். சரிக்குப் பச்சை, தவறுக்குச் சிவப்பு என்று நிறத்தை மட்டும் நம்பினால், அந்த இரண்டையும் பிரித்தறிய முடியாத பிள்ளைகளுக்குப் புரியாது. கூடவே ஒரு குறியீடும் வேண்டும்.

4. வேறு கணினிக்குக் கொண்டுபோகும்போது. பவர்பாயின்டில் செய்த சில அனிமேஷன்கள் இம்ப்ரெஸிலும் கூகுள் ஸ்லைட்ஸிலும் அப்படியே ஓடாது. பிடிஎஃப் ஆக்கினால் அசைவுகள் போய்விடும். கோப்புக்குள் பதியாமல் இணைப்பாக மட்டும் வைத்த காணொளிகள் கோப்போடு ஒரே அடைவில் இருக்க வேண்டும். பாடத்துக்கு முன்பே அந்த வகுப்பின் கணினியில் ஓட்டிப் பார்ப்பது ஒன்றே நிச்சயமான வழி.

## வேலை செய்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பாடம் நடந்த அன்று கேட்டால் தெரியாது. மேலே பார்த்த ஆய்வைப் போலவே, ஐந்து நிமிடம் கழித்துக் கிடைக்கும் விடை ஏமாற்றும். ஒரு வாரம் விட்டு, புரொஜெக்டரை இயக்காமல், வெற்றுத்தாள் கொடுத்து நிலவின் எட்டு நிலைகளையும் வரையச் சொல்ல வேண்டும். அல்லது 'மரம் + கிளை' எப்படி மரக்கிளை ஆயிற்று என்று இரண்டு படிகளில் எழுதச் சொல்ல வேண்டும். மதிப்பெண் வேண்டாம், பெயர்கூட எழுத வேண்டாம். தாள்களை அடுக்கி, எந்த நிலையில் தவறுகள் குவிகின்றன என்று பார்த்தால், அடுத்த வகுப்புக்கு முன் திருத்த வேண்டிய ஸ்லைடு எது என்பது தெரிந்துவிடும்.